பழைய டீசல் பிக்கப் இழுக்கவில்லையா? அறிகுறி பார்த்துப் பழுதைப் பிடிக்கும் வழி

பெங்களூரு பொம்மனஹள்ளியில், ஓசூர் ரோட்டை ஒட்டிய ஒரு சின்ன ஷெட்டில் 19 வருடமாக டீசல் வண்டி பார்க்கிறேன். என்னிடம் வருகிற பிக்கப்புகள் பெரும்பாலும் விடியற்காலையில் சிட்டி மார்க்கெட்டில் காயும் பூவும் இறக்கிவிட்டுத் திரும்புகிறவை. ஓட்டுகிறவர்கள் ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிக்காரர்கள். அவர்களிடம் அதிகம் கேட்கிற குறை ஒன்றுதான்: "அண்ணா, வண்டி இழுக்கல." கன்னடம் பேசுகிற டிரைவர் வந்தால் "பிக்கப் இல்லா" என்பார். குறை ஒன்று, காரணம்தான் வண்டிக்கு வண்டி வேறு.

இப்படி வருகிறவர்களில் பலர் வேறெங்கோ பெரிய காசு கொடுத்துவிட்டு வருகிறார்கள் என்பதுதான் எனக்கு மனசு கேட்காத விஷயம். டீசல் பம்பை இறக்கிக் காலிபரேஷன் போட்டாயிற்று, டீசலைப் பீய்ச்சுகிற நாசில் மாற்றியாயிற்று, காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிற டர்போகூட மாற்றியாயிற்று, இழுவை மட்டும் வரவில்லை. வண்டி ஓடினால்தான் வருமானம் என்றிருக்கிற ஆளுக்கு அது தாங்கக்கூடிய செலவு இல்லை. பெரிய சாமானைக் கழற்றும் முன்னால், கையும் கண்ணும் காதும் வைத்தே பார்த்துவிடக்கூடியவை நிறைய இருக்கின்றன. அவற்றை அறிகுறியிலிருந்து தொடங்கிச் சொல்கிறேன்.

நான் பேசுவது 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 புகை விதி வருவதற்கு முன் ரோட்டுக்கு வந்த டீசல் பிக்கப்புகளைப் பற்றி. அவற்றில் இரண்டு வகை. ஆக்சிலேட்டர் கேபிள் நேராகப் போய் பம்பின் லீவரை இழுக்கிற பழைய டிஐ வண்டி ஒன்று. எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ஒரே அழுத்தக் குழாய், அதாவது காமன் ரெயில் போட்டு, கம்ப்யூட்டர் டீசலை அளந்து கொடுக்கிற வண்டி இன்னொன்று. உங்களுடையது எது என்று தெரியாமல் எந்த நட்டையும் தொடாதீர்கள். காமன் ரெயில் பைப்புக்குள் 1,000 பாருக்கு மேல் அழுத்தம் ஏறும். இன்ஜின் ஓடும்போது அதை லூஸ் பண்ணினால் டீசல் ஊசி மாதிரி தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், ஆனால் விரலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். அப்படிப் பட்டுவிட்டால் உடனே ஆஸ்பத்திரி.

ஸ்பேனரை எடுக்கும் முன்

டிரைவரிடம் நான் முதலில் கேட்பது, "திடீர்னு போச்சா, கொஞ்சம் கொஞ்சமா போச்சா?" நேற்று வரை நன்றாக ஓடி இன்று காலையில் செத்தது என்றால் கிழிந்த ஹோஸ், கழன்ற கேபிள், டீசலில் தண்ணீர், சென்சார் என்று தேடலாம். ஆறு மாதமாகக் குறைந்துகொண்டே வந்தது என்றால் ஃபில்டர், கிளட்ச், நாசில், கடைசியில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்குகிற அழுத்தம்).

அடுத்து மைலேஜ். இதைப் பலர் கேட்பதில்லை, எனக்கோ இது பாதி வழியைக் காட்டிவிடும். இழுவையோடு மைலேஜும் விழுந்திருந்தால், எரித்த டீசல் வீணாகிறது. பிரேக் பிடித்திருக்கும், கிளட்ச் நழுவும், இல்லையென்றால் காற்று போதாமல் டீசல் கரும்புகையாகப் போகும். இழுவை மட்டும் போய் மைலேஜ் ஏறக்குறைய அப்படியே இருந்தால், டீசல் போதுமான அளவு இன்ஜினுக்கு வந்து சேரவே இல்லை என்று முதலில் சந்தேகப்படுவேன்.

பிறகு ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒரே ரோடு, ஒரே லோடு. கிருஷ்ணகிரியிலிருந்து மேலே வருகிறவர்களுக்கு மேலுமலை ஏற்றத்தைவிட நல்ல அளவுகோல் கிடையாது. முன்பு மூன்றாவது கியரில் ஏறிய இடத்தில் இப்போது இரண்டாவதுக்கு வர வேண்டியிருக்கிறதா? அந்த ஒரு பதில் எனக்குப் பெரிய உதவி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெங்களூரு கடல் மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. சென்னையைவிட இங்கே காற்றின் அழுத்தம் சுமார் 10 சதவீதம் குறைவு. டர்போ இல்லாத இன்ஜினுக்கு அந்த அளவு சக்தி இயல்பாகவே குறையும். சென்னையில் ஓடிய வண்டியை வாங்கி வந்து "இங்க இழுக்கலயே" என்பவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். டர்போ வண்டியில் அந்தக் குறையை டர்போ பெருமளவு நிரப்பிவிடும். ஆனால் டர்போ ஹோஸில் சின்ன ஓட்டை இருந்தால், கீழே சமாளித்துவிடும் வண்டி இங்கே திணறும்.

இன்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை

இது கிளட்ச். நான்காவது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஆக்சிலேட்டரை முழுதாக அழுத்துங்கள். இன்ஜின் சத்தம் மட்டும் எகிறி, வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் நழுவுகிறது. கூடவே கருகிய வாடையும் வரும். கேபிள் கிளட்ச் என்றால் முதலில் பெடல் ஆட்டத்தைப் பாருங்கள். ஆட்டமே இல்லாமல் இறுக்கி வைத்திருந்தால் பிளேட் எப்போதும் அரைகுறையாகத்தான் பிடிக்கும். அட்ஜஸ்ட் பண்ணியும் நழுவினால் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். இறக்கினால் பிளேட்டில் ஆயில் நனைந்திருக்கிறதா என்று பாருங்கள். நனைந்திருந்தால் இன்ஜினின் பின்பக்க ஆயில் சீலையும் மாற்றுங்கள். சீலை விட்டுவிட்டால் புதுப் பிளேட்டும் கொஞ்ச நாளில் நழுவும்.

இன்ஜின் திணறுகிறது, யாரோ பின்னால் பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கிறது

போன மழைக்காலத்தில் தண்ணீர் கேன் போடுகிற ஒரு தம்பி வந்தார். இன்ஜின் வேலை பார்க்கச் சொன்னார். நான் வண்டியைச் சமதளத்தில் 30-க்கு ஏற்றி நியூட்ரலில் விட்டேன். நல்ல வண்டி தானாக உருண்டுகொண்டே போகும். இது கொஞ்ச தூரத்திலேயே சோர்ந்து நின்றது. இறங்கி நான்கு சக்கரத்தின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோனேன், தொடவில்லை. மூன்று சக்கரம் ஒரே மாதிரி இளஞ்சூடு. பின் இடது சக்கரத்திடம் போனதும் உள்ளங்கையில் அனல் அடித்தது. டிரம்மில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டேன். சுர்ரென்று பொங்கி ஆவியாகிவிட்டது. ஜாக்கி போட்டுச் சக்கரத்தைச் சுற்றினால், இரண்டு கையாலும் தள்ளினால்தான் அசைந்தது. ஹேண்ட்பிரேக் கேபிள் உறைக்குள் துரு ஏறி, இழுத்த இடத்திலிருந்து திரும்பி வரவே இல்லை. கேபிள் ஒன்றைத்தான் மாற்றினோம். இன்ஜினில் கையே வைக்கவில்லை.

ஒரு சக்கரம் மட்டும் சூடானால் கேபிள், வீல் சிலிண்டர், பேரிங், அல்லது உள்ளே வீங்கிப்போன பிரேக் ஹோஸ். பழைய ஹோஸ் வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே ரப்பர் ஊதி, ஆயிலை ஒரு பக்கம் மட்டும் விடும். காலை எடுத்தாலும் பிரேக் விடாது. எல்லாச் சக்கரமும் சேர்ந்து சூடானால் மாஸ்டர் சிலிண்டரிலும் பெடல் ஆட்டத்திலும் தேடுங்கள். டயரில் காற்று குறைந்திருந்தாலும் இதே திணறல்தான் வரும். அதைக் கேஜ் வைத்துப் பாருங்கள், உதைத்துப் பார்த்துச் சொல்லாதீர்கள்.

லோடையும் கேட்க வேண்டியிருக்கிறது. ஆர்சியில் மொத்த எடை எழுதியிருக்கும். அதில் வண்டியின் எடையைக் கழித்தால் வருவதுதான் ஏற்றலாம். அதற்கு மேல் ஏற்றிவிட்டு இழுக்கவில்லை என்றால் எந்த ஸ்பேனராலும் சரிபண்ண முடியாது.

கரும்புகை தள்ளுகிறது, இழுவை இல்லை

கரும்புகை என்றால் டீசல் வருகிறது, அதை எரிக்கக் காற்று போதவில்லை. ஆகவே காற்று வருகிற வழியில் நடந்து போங்கள்.

ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறக்கும் முன், காற்று உள்ளே வருகிற மூக்குக் குழாயைப் பாருங்கள். எலி கூடு கட்டியிருக்கும், பாலித்தீன் கவர் உறிஞ்சி ஒட்டியிருக்கும். இரண்டையும் நான் என் கையால் எடுத்திருக்கிறேன். ஃபில்டரை வெயிலில் தூக்கிப் பிடித்து உள்ளிருந்து பாருங்கள். வெளிச்சம் தெரியாவிட்டால் புதிது போடுங்கள். காற்றடித்துச் சுத்தம் செய்வதென்றால் உள்ளேயிருந்து வெளியே, மெதுவான அழுத்தத்தில். ஃபில்டரைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டிச் சோதிக்கிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நம் ரோட்டுத் தூசி டர்போ இறக்கையையும் சிலிண்டர் லைனரையும் அறுத்துவிடும்.

அடுத்தது டர்போவிலிருந்து, அந்தக் காற்றை ஆற்றுகிற இன்டர்கூலருக்கும், அங்கிருந்து இன்ஜினுக்கும் போகிற ரப்பர் ஹோஸ்கள். இங்கேதான் அதிகப் பேர் ஏமாறுகிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஓசூரிலிருந்து ரோஜா ஏற்றுகிற ஒரு அண்ணா வந்தார். இன்னொரு இடத்தில் டர்போ போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். பணம் புரட்ட மூன்று நாள் அலைந்துவிட்டு, கடைசியாக ஒரு தடவை பார்க்கலாம் என்று என்னிடம் கொண்டுவந்தார். இன்ஜினை நிறுத்தி, ஆறவிட்டு, ஹோஸ் மேலே எல்லாம் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அடிப்பக்கம் கண்ணுக்குத் தெரியாது, விரலை விட்டுத் தடவினேன். கிளாம்புக்கு ஒட்டினாற்போல ஓரிடத்தில் விரல் வழுக்கியது. எடுத்துப் பார்த்தால் கறுப்பு ஆயில் பிசுக்கு. அந்த இடத்தை அழுத்தியதும் இரண்டு அங்குல நீளத்துக்கு உதடு மாதிரி பிளந்தது. கையை எடுத்ததும் மூடிக்கொண்டது. ஐடிலில் ஓடும்போது அந்தக் கிழிசல் மூடியே இருக்கும், சத்தமும் வராது. லோடு ஏற்றி ஆக்சிலேட்டர் கொடுத்தால் திறந்து, டர்போ அழுத்திய காற்றெல்லாம் அதன் வழியே உஸ்ஸென்று போய்விடும். அந்த ஹோஸையும் இரண்டு கிளாம்பையும் ஜே.சி. ரோட்டுப் பார்ட்ஸ் கடையில் வாங்கி வந்து போட்டோம். அந்த டர்போ இன்றைக்கும் அதே வண்டியில்தான் ஓடுகிறது.

ஆகவே ஹோஸை முழுச் சுற்றும் தடவுங்கள். ஆயில் ஈரம் இருக்கிற இடத்தைச் சந்தேகியுங்கள். ஒருவர் ஆக்சிலேட்டர் கொடுக்க, பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் தள்ளி நின்று காது கொடுங்கள். இன்டர்கூலரின் ஓரங்களையும் பாருங்கள்.

ஹோஸ் எல்லாம் சரி என்ற பிறகுதான் டர்போ. இன்ஜின் ஆறிய பிறகு உள்வாங்கும் பக்க ஹோஸைக் கழற்றி, டர்போவுக்குள் தெரிகிற இறக்கைச் சக்கரத்தை விரலால் சுற்றுங்கள். தங்குதடையில்லாமல் சுற்ற வேண்டும். மேலும் கீழும் லேசான ஆட்டம் இருக்கலாம், அது ஆயில் நிரம்புகிற இடைவெளி. முன்னும் பின்னும் ஆட்டம் இருந்தாலோ, இறக்கை சுவரில் உரசிய கோடு தெரிந்தாலோ டர்போவுக்கு வேலை இருக்கிறது. அதோடு, அழுத்தம் அதிகமானால் திறந்துவிடுகிற வேஸ்ட்கேட்டின் ராடையும் பாருங்கள். துருப்பிடித்துத் திறந்த நிலையில் மாட்டிக்கொண்டால் டர்போ நல்லதாக இருந்தும் அழுத்தம் ஏறாது.

ஈஜிஆர் வால்வு உள்ள வண்டியில் அது மூடாமல் நின்றால், எரிந்த புகையே திரும்ப உள்ளே வந்து நல்ல காற்றுக்கு இடம் இல்லாமல் பண்ணிவிடும். கீழ் ஆர்பிஎம்மில் இழுவை சாகும், புகை கொட்டும். கழற்றிப் பார்த்தால் கரி தார் மாதிரி அப்பியிருக்கும். சுத்தம் செய்து போடுங்கள், தகடு வைத்து அடைக்காதீர்கள். மாசுக் கட்டுப்பாட்டுக்காக வைத்ததை அடைப்பது சட்டப்படி தப்பு, நாம் எல்லாரும் மூச்சு விடுகிற ஊர் இது.

பழைய எமிஷன் (புகைச் சோதனை) சீட்டுகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் இந்த இடத்தில் பயன்படும். டீசல் வண்டிச் சீட்டில் புகை அடர்த்தி எண் இருக்கும். பிஎஸ் 4 வண்டிக்கு எல்லை 1.62, அதற்கு முந்தைய வண்டிக்கு 2.45. போன தடவை 0.9 இருந்தது இந்தத் தடவை 1.5 என்றால், பாஸ் ஆகியிருந்தாலும் காற்று வழியில் ஏதோ நடந்திருக்கிறது.

புகையே இல்லை, இழுவையும் இல்லை

இங்கே டீசல் போதவில்லை. முதல் வேலைக்கு ஒரு பைசா செலவில்லை. கேபிள் வண்டியில் ஒருவரை உட்கார வைத்து ஆக்சிலேட்டரைத் தரை வரை அழுத்தச் சொல்லுங்கள். நீங்கள் பம்பு லீவரைப் பாருங்கள். கடைசி ஸ்டாப்பர் போல்ட்டைத் தொடுகிறதா? தொடாவிட்டால் கேபிள் நீண்டிருக்கிறது, அல்லது பெடலுக்கு அடியில் புது ரப்பர் மேட் மடிந்து கிடக்கிறது. மேட்டை எடுத்ததுமே சரியான வண்டிகள் உண்டு.

பிறகு டீசல் ஃபில்டர். அடியில் உள்ள டிரெய்ன் போல்ட்டைத் திறந்து ஒரு கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தங்கும். ஃபில்டர் போட்டு எத்தனை கிலோமீட்டர் ஆயிற்று என்று யாருக்கும் நினைவில்லை என்றால் புதிது போட்டுவிடுங்கள், லைனுக்குள் புகுந்த காற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள்.

"புறப்படும்போது நல்லா இருக்கு, 20 கிலோமீட்டர் போனதும் சாகுது, ஓரமா நிறுத்தி டீ குடிச்சிட்டு வந்தா மறுபடி நல்லா ஓடுது" என்று சொன்னால் காதைக் கூர்மையாக்கிக்கொள்ளுங்கள். இது டேங்க் பக்கக் கோளாறு. வண்டி சாகும்போது டேங்க் மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. அது இல்லையென்றால் டேங்குக்குள் ஏதோ மிதக்கிறது. ஓடும்போது உறிஞ்சு குழாயில் போய் ஒட்டும், நிறுத்தினால் விலகிவிடும். 2011-ல் இப்படி ஒரு வண்டிக்கு நான் பம்பை இறக்கி, பம்பு கடைக்கு அனுப்பி, அந்த மனிதருக்கு வீண் செலவு வைத்தேன். கடைசியில் டேங்கைக் கழற்றியபோது, கேனின் மூடிக்கு அடியில் இருக்கும் வெள்ளை சீல் துண்டு ஒன்று, உள்ளங்கை அகலத்துக்கு, சல்லடையில் ஒட்டியிருந்தது. வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து பம்பைத் தொடும் முன் ஒரு சோதனை கட்டாயம் செய்கிறேன்.

அந்தச் சோதனை இதுதான். 5 லிட்டர் சுத்தமான கேனில் நல்ல டீசல் ஊற்றி, டேங்கிலிருந்து வருகிற குழாயைக் கழற்றி, அதற்குப் பதில் கேனிலிருந்து ஹோஸ் கொடுங்கள். ரிட்டர்ன் குழாயையும் கேனுக்கே விடுங்கள். கேன் கேபினுக்குள் வேண்டாம், சூடான சைலன்சர் பக்கமும் வேண்டாம். வெளியே நன்றாகக் கட்டி, ஆளில்லாத ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள். இழுவை திரும்பிவிட்டால் கோளாறு டேங்கிலும் லைனிலும்தான். பம்பு நல்லது. அந்த ஹோஸ் உள்ளே ஓடுவது தெரிகிற நிறமில்லாத பிளாஸ்டிக் குழாயாக இருந்தால் இன்னொரு லாபம்: அதையே டேங்க் லைனுக்கும் பம்புக்கும் நடுவில் போட்டுப் பார்த்தால், காற்றுக் குமிழி ஓடுகிறதா என்று கண்ணாலேயே தெரியும். குமிழி வந்தால் எங்கோ வாஷர் தேய்ந்து காற்றை இழுக்கிறது. உறிஞ்சும் பக்கம் என்பதால் டீசல் வெளியே சொட்டாது. அதனால்தான் கண்டுபிடிக்க முடியாமல் போகிறது.

பழைய டிஐ வண்டியில் ஒரு சிலிண்டர் படுத்திருக்கிறதா என்று பார்க்க, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, ஐடிலில் நாசில் நட்டுகளை ஒவ்வொன்றாக அரைச் சுற்று தளர்த்தி, முடுக்குவோம். எந்த நட்டைத் தளர்த்தியும் சத்தம் மாறவில்லையோ அந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை. காமன் ரெயிலில் இதைச் செய்யவே கூடாது. அதற்கு ரிட்டர்ன் குழாய்களைத் தனித்தனி பாட்டிலில் விட்டு, சில நிமிடம் ஐடிலில் ஓட்டுங்கள். எந்தப் பாட்டில் மற்றவற்றைவிட வேகமாக நிறைகிறதோ, அந்த இன்ஜெக்டர் உள்ளே கசிகிறது.

சைலன்சர் அடைப்பும் நினைவிருக்கட்டும். தட்டினால் உள்ளே கடகடவென்றால் தகடு கழன்று குழாயை மறித்திருக்கலாம். முன் ஜாயிண்டைத் தளர்த்தி, கொஞ்ச தூரம் சத்தத்தோடு ஓட்டினால் தெரிந்துவிடும்.

நிறுத்தி சாவி போட்டால் சரியாகிறது

காமன் ரெயில் வண்டியில் ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்முக்கு மேல் ஏறவே மறுத்து, சாவியை அணைத்துப் போட்டதும் கொஞ்ச நேரம் நன்றாக ஓடினால், அது லிம்ப் மோட். கம்ப்யூட்டர் எதையோ பார்த்துப் பயந்து தானே சக்தியைக் குறைத்திருக்கிறது. ஸ்கேனர் போட்டு, கம்ப்யூட்டர் பதிந்து வைத்த பழுது எண்ணை, அதாவது கோடைப் படிக்க வேண்டும். ஆனால் கோடு காட்டுகிற சாமானை உடனே மாற்றாதீர்கள். பூஸ்ட் (டர்போ காற்றின் அழுத்தம்) குறைவு என்று கோடு வந்தால் முதலில் மேலே சொன்ன ஹோஸ். ரெயில் பிரஷர் குறைவு என்றால் முதலில் டீசல் ஃபில்டர். பெடல் சென்சார் என்றால் முதலில் அதன் சாக்கெட்டைக் கழற்றி, பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். மழைக்காலத்தில் தண்ணீர் நின்ற ரோட்டில் ஓட்டியதும் இந்தக் கோடு வந்தால் சாக்கெட்டில்தான் என் முதல் சந்தேகம்.

வெள்ளைப் புகை, நீலப் புகை

சூடான பிறகும் வெள்ளைப் புகை கண்ணை எரித்தால் டீசல் பீய்ச்சுகிற நேரம் (டைமிங்) அல்லது நாசில். வண்டி சமீபத்தில் பம்பு இறக்கி ஏற்றியதா என்று கேளுங்கள். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. ஆயில் ஊற்றும் மூடியை ஐடிலில் திறந்து பாருங்கள். அங்கே புகை குப்குப்பென்று அடித்தால் பிஸ்டன் ரிங்கு தேய்ந்திருக்கும், அப்போதுதான் கம்ப்ரஷன் கேஜுக்கு வேலை. மேலே சொன்ன எதையும் பார்க்காமல் ஒருவர் நேராக இன்ஜின் போரிங் என்று பேசினால், "கம்ப்ரஷன் எவ்வளவு காட்டுச்சு?" என்று கேளுங்கள். எண் சொல்லாவிட்டால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

வேலை முடிந்ததும் அதே ரோடு, அதே லோடு, அதே கியர் என்று ஓட்டிப் பார்த்துக் காசு கொடுங்கள். புது ஹோஸ் போட்டிருந்தால் 200 கிலோமீட்டர் ஓடியதும், இன்ஜின் ஆறியிருக்கும்போது, கிளாம்பை இன்னொரு முறை முடுக்குங்கள். ரப்பர் சூட்டில் அமுங்கி, கிளாம்ப் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.